முதல் பக்கத்தை மட்டும் பாருங்கள், அக்கா

அன்புள்ள அக்கா,

போன வாரம் போனில் நீங்கள் சொன்னது இன்னும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. "18 வருஷமா கணக்குதான் பார்த்தேன். இந்த வயசுல டீச்சராகப் போக எனக்கு நம்பிக்கை வரலைடா. வந்ததும் ஆரம்பிக்கிறேன்" என்றீர்கள். நான் "உங்களால முடியும்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அது போதாது என்று அப்போதே தெரிந்தது.

நம்பிக்கை வந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று நானும் மூன்று வருடம் காத்திருந்தேன். கணக்குப் பிரிவை விட்டு மென்பொருள் பக்கம் போக ஆசை. என்றாவது ஒரு நாள் காலையில் எழுந்திருக்கும்போதே தைரியம் வந்திருக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒரு காலை வரவே இல்லை. ஓர் இரவு, இரண்டு முறை பதிவான வவுச்சர்களைக் கண்டுபிடிக்கப் பத்து வரியில் ஒரு புரோகிராம் எழுதிப் பார்த்தேன். மூன்று மணி நேரம் தகராறு செய்துவிட்டு, ஓடியது. 'இனி நான் புரோகிராமர்' என்றெல்லாம் அன்றைக்குத் தோன்றவில்லை. இன்னும் பத்து வரி எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அடுத்த நாள் இரவும் உட்கார அது போதுமாக இருந்தது.

ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியலாளர் 1977-ல் எழுதிய கட்டுரையைப் பிற்பாடு படித்தபோதுதான் அந்த இரவு எனக்கு விளங்கியது. 'இந்தக் காரியத்தை என்னால் செய்ய முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று அவர் ஆராய்ந்தார். நாமே செய்து பார்த்தது, நம்மைப் போன்றவர்கள் செய்வதைப் பார்த்தது, பிறர் சொல்லும் ஊக்கம், நம் உடலும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை என்று நான்கு ஊற்றுகளைச் சொன்னார். நான்கில் வலுவானது முதலாவது. பாம்பென்றால் நடுங்குகிறவர்களை வைத்து ஆய்வு செய்தார்கள். இன்னொருவர் பாம்பைக் கையாள்வதைப் பார்த்தவர்களுக்கும் பயம் குறைந்தது. ஆனால் வழிகாட்டியின் துணையோடு படிப்படியாகத் தாங்களே நெருங்கி, தொட்டு, கையில் எடுத்தவர்களுக்கு வந்த நம்பிக்கைதான் உறுதியாக இருந்தது. வாய்வார்த்தை ஊக்கத்தை அவர் பலவீனமானதாகவே கருதினார். ஒரு தோல்வி வந்தால் கரைந்துவிடுமாம். ஆகவே இந்தக் கடிதமும் தன்னால் பெரிதாக எதையும் செய்துவிடாது. நீங்கள் ஓர் அடி எடுத்து வைக்கத் தூண்டினால் சரி.

அக்கா, இதில் உங்களுக்காக நான் முக்கியமாக நினைப்பது வேறொன்று. இந்த நம்பிக்கை மொத்தமாக ஆளோடு வருவதில்லை, வேலையோடு ஒட்டியிருக்கிறது. அலுவலகத்தில் எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் பதறாத நீங்கள், வகுப்பறை என்றதும் குரல் இறங்கிப் பேசுகிறீர்கள். உங்களுக்குள் ஏதோ உடைந்துவிட்டதாக நினைக்காதீர்கள். கணக்கில் உங்களுக்கு 18 வருட ஆதாரம் இருக்கிறது, வகுப்பறையில் ஒரு நாள் ஆதாரம்கூட இல்லை. அந்த வெறுமையைத்தான் 'எனக்குத் தகுதி இல்லை' என்று நீங்கள் படித்துக்கொள்கிறீர்கள். தொழில் மாறும்போது மிகவும் வலிப்பதும் இந்த இடம்தான். நேற்றுவரை எல்லாரும் சந்தேகம் கேட்டு வந்த ஆள், இன்று நம்மைவிடப் பதினைந்து வயது சிறியவரிடம் போய்ச் சந்தேகம் கேட்க வேண்டும். எனக்கு முதல் ஆறு மாதம் வெட்கத்திலேயே போனது. அந்த வெட்கத்தைத் திறமைக் குறைவு என்று நினைத்து இரண்டு முறை விட்டுவிடப் பார்த்தேன்.

நம்மை நாமே அளக்கும் கோலையும் அப்படியே நம்பிவிட முடியாது. 1981-ல் நான்சி பெட்ஸ், கெயில் ஹாக்கெட் இருவரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். திறன் தேர்வு மதிப்பெண்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஆனாலும் ஆண்களுக்கானவை என்று காலங்காலமாகக் கருதப்பட்ட தொழில்களில் தங்களால் முடியும் என்ற நம்பிக்கை பெண்களிடம் குறைவாக இருந்தது. திறமை கையில் இருக்கும்போதே, முடியாது என்று மனம் கணக்கெழுதிவிடுகிறது.

ஆங்கில நாவலாசிரியர் ஜோசப் கான்ராட்டும் தொழில் மாறியவர்தான், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கப்பலில் வேலை பார்த்தவர். தாய்மொழி போலிஷ், ஆங்கிலம் கற்றது இருபது வயதுக்குப் பிறகு. 1889-ல், மாலுமியாக இருக்கும்போதே, ஆங்கிலத்தில் ஒரு நாவலைத் தொடங்கினார். கையெழுத்துப் பிரதி பல ஆண்டுகள் அவரோடு பயணம் செய்தது. ஒரு பயணத்தில், கப்பலில் வந்த இளைஞர் ஒருவரிடம் அதைப் படிக்கக் கொடுத்து, முடிக்கத் தகுந்ததா என்று கேட்டார். நிச்சயமாக என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. 1895-ல் நாவல் வெளியானபோது அவருக்கு 37 வயது. அந்த ஒரு சொல் அவரைத் தாங்கியது, ஏற்கெனவே எழுதிய பக்கங்கள் கையில் இருந்ததால்தான் என்று நினைக்கிறேன்.

பணம், படிப்புச் சான்றிதழ், வீட்டுப் பொறுப்பு, இவற்றுக்கு நம்பிக்கை ஈடாகாது. வேலையை நாளைக்கே விடச் சொல்லவில்லை. சேமிப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் போட உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சொல்லித்தருவது என்றதும் ஞாபகம் வருகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, வருட முடிவில் ட்ரயல் பேலன்ஸில் பற்று மொத்தமும் வரவு மொத்தமும் டேலி ஆகாமல் கண் கலங்கி உட்கார்ந்திருந்தேன். நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மற்ற எல்லாத் தாளையும் கவிழ்த்து வைத்துவிட்டு, "முதல் பக்கத்தை மட்டும் பார்" என்றீர்கள். விடையை நீங்கள் சொல்லவே இல்லை. எட்டாவது பக்கத்தில் இடம் மாறியிருந்த இரண்டு இலக்கங்களை நானே கண்டுபிடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தீர்கள். எனக்குப் பின்னால் சேர்ந்த நான்கு பேருக்கும் இதையேதான் செய்தீர்கள். அதைக் கற்பித்தல் என்று நீங்கள் ஒரு நாளும் கணக்கில் சேர்த்ததில்லை.

உங்கள் தங்கை மகள் பின்னக் கணக்கில் தடுமாறுகிறாள் என்றீர்களே. இந்த வாரம் அவளோடு அரை மணி நேரம் உட்காருங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். எந்தக் கணக்கில் நின்றாள், நீங்கள் என்ன கேட்டீர்கள், அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு முழுசாகச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தம்பி