கண் ஆபரேஷனில் தூக்க ஊசி: ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சோமனூரில் எட்டுத் தறி ஓட்டுபவன் நான். தை நோம்பி முடிந்த வாரம் அம்மாவுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. வயது 74. ஆஸ்பத்திரி கோவையில், பெயர் வேண்டாம். லென்ஸ் வைத்ததில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், இப்போது அவரே ஊசியில் நூல் கோக்கிறார். என் குறை வேறு.

"கண்ணு மட்டும்தாங்க மரத்துப்போகும், இருபது நிமிஷ வேலை, சாப்பிட்டே வாங்க" என்றார்கள். அம்மாவும் ஏழு மணிக்கு ரெண்டு இட்லி தின்று, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டார். ஒன்பதரைக்கு உள்ளே போனவர் பத்தரைக்கெல்லாம் வெளியே வந்துவிட்டார். காரில் நீலாம்பூர் தாண்டுவதற்குள் "ஏஞ்சாமி, ஆப்பரேசன் எப்பப் பண்ணுவாங்க?" என்று நாலு தடவை கேட்டார். புறங்கையில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கண்ணுக்குப் போடும் ஊசிக்குக் கையில் என்ன வேலை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. மதியம் தூங்கி எழுந்தவர் வாசப்படியில் தடுமாறி விழுந்தார். கண்ணின் மேல் ஒட்டியிருந்த மூடி அசையவில்லை. முட்டி மட்டும் வீங்கியது, அந்த மட்டுக்குத் தப்பித்தோம்.

தங்கை மகள் ஈரோட்டில் மயக்க மருந்து டெக்னீஷியன். டிஸ்சார்ஜ் சீட்டைப் போனில் படம் பிடித்து அனுப்பினேன். லென்ஸ் நம்பர் இருந்தது, எந்தச் சொட்டு எத்தனை வேளை என்பதும் இருந்தது. கையில் போட்ட ஊசி பற்றி ஒரு எழுத்து இல்லை. போன் போட்டுக் கேட்ட பிறகுதான், "பாட்டி ரொம்பப் பயந்தாங்க, கொஞ்சம் மிடசோலம்னு தூக்க ஊசி கொடுத்தோம்" என்றார்கள்.

அவள் விளக்கியபடி, கண்ணைச் சுற்றி லிக்னோகெயின், புபிவகெயின் என்ற மரப்பு ஊசிகளைப் போட்டாலே பெரும்பாலும் போதும். பல இடங்களில் வெறும் மரப்புச் சொட்டிலேயே முடித்துவிடுகிறார்கள். பயப்படுகிறவர்களுக்கு கையில் ரத்தக்குழாய் வழியாக மிடசோலம். அது பயத்தோடு ஞாபகத்தையும் கொண்டுபோய்விடும், அதுதான் அந்த நாலு தடவைக் கேள்வி. வயதானவர்களுக்குக் கொஞ்சம் கூடினாலும் மூச்சு மட்டுப்படும். முகத்தின் மேல் துணி போர்த்தியிருப்பதால் வெளியே தெரியாது. அதனால் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப், அதைப் பார்த்துக்கொண்டே இருக்க ஓர் ஆள், மிடசோலத்தை முறிக்கும் மருந்தான ஃபுளூமசெனில் எல்லாம் பக்கத்தில் வேண்டும். அரைத்தூக்கத்தில் இருப்பவர் திடுக்கிட்டுத் தலையை ஆட்டினால் டாக்டர் பாடு திண்டாட்டம்.

சில இடங்களில் டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்தைக் கண்ணுக்குப் போடும் மரப்பு ஊசியிலேயே கலக்கிறார்களாம். சீக்கிரம் மரத்து, ரொம்ப நேரம் நிற்கும். ஆள் அமைதியாகவும் இருப்பாராம். ஆனால் கண்ணோரம் போட்டாலும் ரத்தத்தில் சேரும், நாடித்துடிப்பும் பிரஷரும் இறங்கலாம். "அமுச்சி என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்கன்னு சொன்னீங்களா மாமா?" என்று கேட்டாள். பிரஷருக்கு அட்டெனலால், ராத்திரி தூக்கத்துக்கு அல்ப்ரசோலம் பாதி. முதல் மாத்திரையே நாடியைக் குறைப்பது, இரண்டாவது மிடசோலத்தின் இனத்தைச் சேர்ந்த மருந்து. அவர்கள் கேட்கவில்லை, நானும் சர்க்கரை ஃபைலை மட்டும்தான் எடுத்துப் போயிருந்தேன். பாதித் தப்பு என் மேலும்தான்.

தூக்க மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. நடுங்கிக்கொண்டு படுத்திருப்பவரைக் கத்திக்குக் காட்டச் சொல்வது எந்த ஊர் நியாயம்? ஆனால் கொடுப்பதாக இருந்தால் முந்தின நாளே சொல்ல வேண்டும். அப்படியானால் சோறு தின்று ஆறு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும் என்பதுதான் பொது வழக்கமாம், இட்லியோடு வரச் சொல்வது இல்லை. அன்றைக்கு முழுக்கத் தனியாக நடக்க விடாதீர்கள் என்று வீட்டாருக்கும் சொல்லியிருந்தால் அந்த வாசப்படியில் நான் நின்றிருப்பேன்.

போன மாதம் இடது கண். அதே ஆஸ்பத்திரிதான். இந்தத் தடவை நானே மாத்திரை அட்டைகளை எல்லாம் மேஜையில் கொட்டிக் கேட்டேன். தூக்க ஊசி இல்லாமல், கண் ஊசி மட்டும் போட்டு, ஒரு நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டார். துணிக்கு அடியிலிருந்தே அம்மா டாக்டரிடம், "உங்களுக்குப் பல்லடம் பக்கமுங்களா?" என்று விசாரித்தாராம், பேசாமல் இருக்கச் சொல்லித்தான் கஷ்டப்பட்டார்களாம்.

டிஸ்சார்ஜ் சீட்டில், கொடுத்த தூக்க மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு வரி எழுதினால் போதும். லென்ஸ் ஸ்டிக்கருக்குப் பக்கத்திலேயே இடம் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
விசைத்தறிக்காரர் ஒருவர்,
சோமனூர்.