தடுப்பூசிக்கு வரும் குட்டிகளுக்குத் தனி நேரம் வேண்டும்

மதிப்பிற்குரிய கால்நடை பராமரிப்புத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். தெருவில் கிடக்கும் நாய்க்குட்டிகளை எடுத்துத் தேற்றி, நல்ல வீடு பார்த்துக் கொடுப்பவர்களில் நானும் ஒருவர். எங்களுக்கு அரசு கால்நடை மருத்துவமனையை விட்டால் வேறு கதியில்லை. அங்கிருக்கும் மருத்துவர்கள் மீது எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஒரே ஆளாக மாட்டுக்கு சினை பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு பூனைக்கு ஊசி போடுகிறார்கள். நான் எழுதுவது அந்த வாசலில் நிற்கும் வரிசையைப் பற்றி.

நாய்க்குட்டிக்கு 6 முதல் 8 வார வயதில் முதல் தடுப்பூசி. பிறகு 16 வாரம் ஆகும்வரை மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைந்து, ஊசியின் பலன் முழுதாக வந்து சேராத பருவம் அது. அந்தக் குட்டியை மடியில் வைத்துக் காத்திருக்கும்போது, பக்கத்திலேயே பார்வோ என்ற தொற்றுநோய் வந்த குட்டி ரத்தமாகக் கழிந்துகொண்டிருக்கிறது. பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண பினாயிலுக்குச் சாகாது; பிளீச்சிங் கரைசல் வேண்டும். நோயைத் தடுக்க வந்த இடத்திலேயே குட்டி நோயை வாங்கிக்கொண்டு போகலாம் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆகவே தடுப்பூசிக்குக் காலையில் முதல் ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள். டோக்கனைப் போனிலேயே கொடுங்கள். மாட்டுக்கு முடியவில்லையென்றால் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962-ஐ அழைக்கலாம் என்பது கிராமத்தில் பலருக்கும் தெரியும். அதுபோல இதற்கும் ஓர் எண் வேண்டும். வாந்தி, கழிச்சல் என்று சொல்பவர்களை வரிசையில் சேர்க்காமல், வெளியே ஆட்டோவிலேயே இருக்கச் சொல்லி மருத்துவர் அங்கு வந்து பார்க்கட்டும். மூத்திரம் போக முடியாமல் முக்கும் கடுவன் பூனை, எலி மருந்து தின்ற நாய், பாம்புக்கடி, இவற்றுக்கு டோக்கனே கேட்கக் கூடாது.

போனில் டோக்கன் கொடுப்பவர் இன்னும் இரண்டு நிமிடம் பேசினால் போதும். தடுப்பூசி அட்டையைக் கொண்டு வாருங்கள், பூனையைக் கையில் தூக்கி வராமல் மூடிய கூடையில் துணி போர்த்திக் கொண்டு வாருங்கள், வயிற்றுக் கோளாறு என்றால் அன்றைய மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்து வாருங்கள் என்று சொல்லலாம். வீட்டில் இருந்த மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா என்று கட்டாயம் கேட்க வேண்டும். நமக்குப் போடும் பாராசிட்டமால் ஒன்றே பூனையைக் கொன்றுவிடும்.

கருத்தடை அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கொடுக்கும்போது எல்லாருக்கும் ஒரே வாசகம்: "வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க." வளர்ந்த நாய்க்கு அது சரி. சின்னக் குட்டியை ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். முயலைப் பட்டினியே போடக் கூடாது. வயதையும் இனத்தையும் கேட்டுவிட்டு, இத்தனை மணிக்கு மேல் சோறு வேண்டாம் என்று ஒரு சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தால், நாள்கூலியை விட்டுவிட்டு வருபவரை அன்றைக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்காது.

மாநிலம் முழுக்க ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. ஏதாவது ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில், தடுப்பூசிக்கு மட்டும் தொடங்குங்கள். போனை எடுக்க ஆள் இல்லையென்றால் எங்களைப் போன்றவர்களைக் கேளுங்கள், முறை வைத்துக்கொண்டு வந்து உட்காருகிறோம்.

இப்படிக்கு,
தெருக்குட்டிகளை வளர்க்கும் ஒருவர்