ராத்திரி கேப்ஸ்யூலை விட்டுவிடாதே

பாளையங்கோட்டை,
ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள மீனா,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். மாதவிலக்கு நின்றபின் வருகிற எரிச்சலுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஹார்மோன் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "ஜெல் தடவ ஆரம்பித்ததிலிருந்து எரிச்சலும் வேர்வையும் எவ்வளவோ குறைந்திருக்கிறது, ஆனால் ராத்திரி கேப்ஸ்யூல் போட்டால் காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை, அதை மட்டும் விட்டுவிடட்டுமா?" என்று கேட்டிருந்தாய். விடாதே. ஏன் என்று சொல்ல, இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2003இல் எனக்கு மாதவிலக்கு நின்றது. 48 வயது. அடுத்த வருஷம் முழுக்க உடம்பு திகுதிகுவென்று எரியும். நெஞ்சிலிருந்து கிளம்பி கழுத்து, முகம் என்று ஏறும். ஐந்து நிமிஷத்தில் ரவிக்கை நனைந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கொல்லைப்புற வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன். அப்பா கேட்டால், புழுக்கம் என்பேன்.

பெரியம்மாதான் வழி சொன்னாள். கட்டி என்று அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள் அல்லவா, அதற்குப் பிறகு டாக்டர் கொடுத்த மெரூன் நிறச் சின்ன மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒரே வாரத்தில் கேட்டது, நீயும் போடு" என்று ஒரு அட்டையைக் கையில் திணித்தாள். தீர்ந்ததும் மருந்துக்கடையில் காலி அட்டையைக் காட்டினேன். ஒரு கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். கர்ப்பமான குதிரையின் மூத்திரத்திலிருந்து எடுக்கிற ஹார்மோன் அது என்று பின்னால்தான் தெரியும். ஆச்சிக்குத் தெரிந்திருந்தால் வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டாள்.

சொர்க்கமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. எட்டு மாசம் நன்றாகத் தூங்கினேன். பிறகு ஒரு நாள் பத்தாம் வகுப்பில் நாளமில்லாச் சுரப்பிகள் படம் வரைந்துகொண்டிருக்கும்போது, கரும்பலகை முன்னாலேயே உதிரம் போகிறது என்று தெரிந்தது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, புத்தகத்தைப் பின்னால் மறைத்துப் பிடித்தபடி டீச்சர்கள் அறைக்கு நடந்தேன். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்வரி 14 மில்லிமீட்டர் தடித்திருந்தது. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் உனக்கு போன் செய்தபோதெல்லாம் சாப்பிட்டாயா என்றுதான் கேட்டேன்.

புற்று இல்லை. தடிப்பு மட்டும்தான். மூன்று மாசம் புரோஜெஸ்ட்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் மாத்திரை கொடுத்துச் சரிசெய்தார்கள்.

அந்த மெரூன் மாத்திரையிலும் உன் ஜெல்லிலும் இருப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். அது தனியாகப் போனால் உள்வரியை வளர்த்துக்கொண்டே இருக்கும். கட்டுப்படுத்த ஆளில்லாத வளர்ச்சி சில சமயம் புற்றாக மாறும். அந்த ஆள்தான் புரோஜெஸ்ட்டிரோன், நீ விட நினைக்கிற உன் ராத்திரி கேப்ஸ்யூல். பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பையே இல்லை, அவளுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். எனக்கு இருந்தது. உனக்கும் இருக்கிறது. இத்தனைக்கும் நான் அறிவியல் டீச்சர்! சுரப்பிகள் பாடம் நடத்தினேனே தவிர, மாதவிலக்கு நிற்பதைப் பற்றி ஒரு வரி பேசினதில்லை. பாடத்தில் இல்லை என்பது ஒரு சாக்கு.

மாத்திரையை நிறுத்திய டாக்டர், அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றைச் சொல்லி இனி ஹார்மோன் பக்கமே போகாதே என்றார். நானும் பயந்து, பல வருஷம் வெந்துகொண்டே கிடந்தேன். உன் மாமியார் "கேன்சர் வரும்" என்று சொல்வதும் 2002இல் வந்த அதே ஆராய்ச்சியின் எதிரொலிதான். அவரைக் குறை சொல்லாதே, உலகமே அப்படித்தான் பயந்தது. ஆனால் கணக்கைப் பார். இரண்டு ஹார்மோனையும் மாத்திரையாகச் சாப்பிட்ட 10,000 பேரில், ஒரு வருஷத்தில் 30 பேருக்கு மார்பகப் புற்று வருகிற இடத்தில் 38 பேருக்கு வந்தது. அந்தப் பெண்களின் சராசரி வயது 63. உனக்கு 47, நின்று பதினான்கு மாசம்தான் ஆகிறது. 60 வயதுக்குள், அல்லது நின்று பத்து வருஷத்துக்குள் ஆரம்பிக்கிறவர்களுக்கு, வேறு தடை இல்லையென்றால் நன்மைதான் கூடுதல் என்று இன்று சொல்கிறார்கள். அந்த எட்டு பேர் பொய் இல்லை, வருஷம் கூடக்கூட அந்தக் கணக்கும் கூடும். அதனால் வருஷத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் உட்கார்ந்து, இன்னும் வேண்டுமா என்று கேட்டுக்கொள்.

ஜெல் கொடுத்தது எனக்குத் திருப்தி. வாயால் சாப்பிட்டால் முதலில் ஈரல் வழியாகப் போகும், ரத்தம் கட்டுகிற ஆபத்தும் கூடும். தோல் வழியாகப் போவதில் அந்தக் கவலை குறைவு. ஆனால் மார்பில் தடவாதே, கையில் மெல்லிசாகத் தடவிக் காயவிட்டு, உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. கொழுந்தன் மகள் எப்போதும் உன் கையில்தானே தொங்குகிறாள். இரண்டு வயதுக் குழந்தையின் தோலில் அது ஒட்டக் கூடாது. முழுக்கை நைட்டி போட்டுக்கொள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அப்பா வழி அத்தைக்கு மார்பகப் புற்று வந்ததை டாக்டரிடம் சொன்னாயா? சொல்லாவிட்டால் இந்த வாரமே போய்ச் சொல், மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே எடுத்தாயா என்றும் எனக்கு எழுது. ஆரம்பத்தில் சில மாசம் லேசாக உதிரம் பட்டால் பதறாதே, ஆனால் டாக்டரிடம் சொல். நின்றபின் திரும்ப வந்தாலும், நிறையப் போனாலும் அன்றைக்கே போ. என்னைப் போல் புத்தகத்தால் மறைத்துக்கொண்டு நிற்காதே.

கேப்ஸ்யூலைப் பதினொரு மணிக்குப் போட்டால் காலையில் மயக்கமாகத்தான் இருக்கும். சீரியல் முடிந்ததும் ஒன்பது மணிக்கே போட்டுப் பார். அப்படியும் முடியவில்லையென்றால் அதே கேப்ஸ்யூலைப் பிறப்புறுப்புக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிற டாக்டர்களும் உண்டு, கேட்டுப் பார். நீயாக எதையும் மாற்றாதே.

மாப்பிள்ளையிடம் முறுக்கு டப்பா கொடுத்தனுப்புகிறேன். அடியில் பேப்பருக்குக் கீழே என் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ் இருக்கிறது. டாக்டரிடம் காட்டு. முறுக்கை அவர் காலி செய்வதற்குள் எடுத்துக்கொள்.

அம்மா