கூர்நோக்கு இல்ல வரைபடம்: கழிப்பறையை உள்ளே கொண்டுவாருங்கள்

புதிய கூர்நோக்கு இல்லக் கட்டுமானத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். குற்றச்சாட்டுக்கு ஆளாகி விசாரணையில் இருக்கும் 50 சிறுவர்களைத் தங்கவைக்கும் இல்லத்தின் வரைபடத்தைப் பார்வைக்கு வைத்திருக்கிறீர்கள். பழைய கட்டடம் ஏன் போதவில்லை, இந்த இடம் எப்படி முடிவானது என்பதெல்லாம் நீங்கள் அறிந்ததே. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: படுக்கைக் கூடத்தோடு சேர்ந்த கழிப்பறை.

2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் வந்த 2016 மாதிரி விதிகள் 50 பேருக்குத் தலா 1,000 சதுர அடியில் இரண்டு கூடங்கள், 8 கழிப்பறைகள், 5 குளியலறைகள் கேட்கின்றன. எண்ணிக்கையில் குறையில்லை. ஆனால் எட்டுக் கழிப்பறைகளும் முற்றத்துக்கு அப்பால் ஒரே வரிசையில் நிற்கின்றன. குழாய்ச் செலவு மிச்சம், செப்டிக் டேங்க் பக்கத்திலேயே. மாணவர் விடுதிக்கு இது சரி. விடுதியில் இரவு கூடத்தை வெளியே பூட்டுவதில்லை. இங்கே பூட்டுவார்கள்.

கூடத்துக்கு ஒரே இரவுக்காவலர் என்றால், ஒரு பையனை முற்றம் தாண்டி அழைத்துப் போகும்போது மற்ற 24 பேரையும் பார்க்க ஆளில்லை. அதனால் கதவு திறக்காது. மூலைக்கு ஒரு பக்கெட் வரும். பையன்கள் சாயங்காலமே தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள். சிறுநீர்க் கடுப்பு வரும். விடிந்ததும் பக்கெட்டை யார் தூக்குவது என்று தகராறு. எப்போதும் நோஞ்சான் பையன் தலையில்தான் விழும். பகலில் எட்டு, இரவில் ஒன்றுமில்லை.

எட்டில் நான்கைக் கூடங்களோடு சேருங்கள், கூடத்துக்கு இரண்டு. அந்த இடத்தைக் கூடத்தின் 1,000 சதுர அடியிலிருந்து பிடுங்க வேண்டாம். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும்: உள்ளே ஒருவன் மயங்கி விழுந்தால் உள்பக்கம் தள்ளும் கதவு அவன் மேலேயே முட்டி நிற்கும். தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் விடுவிக்க முடிய வேண்டும். குழாய்கள் சுவருக்குள் போகட்டும். கொக்கி, துணிக்கம்பி, நீட்டிக்கொண்டிருக்கும் ஷவர் எதுவும் கூடாது. காரணம் உங்களுக்கே தெரியும்.

அஸ்திவாரம் தோண்டும் முன் என்றால் வரைபடத்தில் திருத்துவதோடு வேலை முடியும். தளம் போட்ட பிறகு என்றால் கான்கிரீட்டை வெட்ட வேண்டும். பிறகு ஒழுகலோடு மல்லுக்கட்ட வேண்டும்.

சுற்றுச்சுவர் உயரமும் கேமராக் கோணமும் அங்குலம் பிசகாமல் குறிக்கப்பட்டுள்ளன. பக்கெட்டும் கேமராவில் தெளிவாகவே தெரியும். இல்லம் சிறைபோல் தோன்றக் கூடாது என்பதும் அதே விதிகளில் உள்ள வரிதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 2015 சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி ஜாமீன்தான் பொது விதி, உள்ளே வைப்பது விலக்கு. விசாரணையை நான்கு மாதத்தில், நீட்டித்தால் ஆறு மாதத்தில் முடிக்கச் சொல்கிறது 14ஆம் பிரிவு. இரண்டும் ஒழுங்காக நடந்தால் 50 படுக்கை எதற்கு என்றே கேட்கலாம். சரி, அது உங்கள் கையில் மட்டும் இல்லை. கழிப்பறை உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஆகவே ஒப்பந்தப்புள்ளி கோருமுன், கூடங்களோடு கழிப்பறை சேர்த்துத் திருத்திய வரைபடத்தை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். முடியாது என்றால், இரவில் ஒவ்வொரு கூடத்துக்கும் இரண்டு காவலர் இருப்பார்கள் என்பதையும், சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் எழுத்தில் தாருங்கள்.