கியர் பாக்ஸுக்குள் விழுந்த குண்டு

முத்தோரை பாலாடா,
ஐப்பசி 12

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்கு என் மினி டிராக்டர்தான் காரணம்.

கேரட் விதைக்கக் கீழ்த்தோட்டத்தை உழுதுகொண்டிருந்தேன். சரிவில் இறங்கும்போதெல்லாம் இரண்டாவது கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளியது. உங்கள் ஊர்ச் சமவெளியில் அது வெறும் எரிச்சல். இங்கே இன்ஜின் பிடிப்பு விட்டால் பிரேக்கை நம்பித்தான் உயிர். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் சின்ன கியரில் இறங்கச் சொல்வது சும்மாவா? நாலு நாள் கியர் ராடை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடியே ஓட்டினேன். வீட்டில் சொல்லவில்லை, நீயும் போனில் உளறிவிடாதே. ஐந்தாம் நாள் ரிவர்ஸ் போட்டபோது ராடு கூழ் கிண்டும் அகப்பை மாதிரி எல்லாப் பக்கமும் ஆடியது. எந்த கியரும் விழவில்லை.

வந்து பார்த்த மெக்கானிக், கியர் பாக்ஸையே இறக்கணும், 18,000 ரூபாய் ஆகும் என்றார். சரி, சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, ராடு உட்கார்ந்திருக்கும் மூடியை நானே கழற்றினேன். உள்ளே ராடு தள்ளிக் கியர் மாற்றும் மூன்று கம்பிகள், ஒவ்வொன்றிலும் ராடின் நுனி உட்கார ஒரு பள்ளம். மூன்றும் ஒரே வரிசையில் நின்றால்தான் நியூட்ரல். ஒன்று மட்டும் முன்னே தள்ளியிருந்தது. ராடின் நுனி தேய்ந்து அதிலிருந்து நழுவியிருந்தது. ஸ்குரூ டிரைவரால் நெம்பினேன். 'டக்' என்று உட்கார வேண்டிய கம்பி, வெண்ணெயில் கத்தி போல நகர்ந்தது. கம்பியைப் பிடித்து நிறுத்துவது ஒரு சின்ன இரும்புக் குண்டும் அதை அழுத்தும் ஸ்பிரிங்கும்தான். ஸ்பிரிங் முறிந்து கிடந்தது. கியர் துள்ளியது அதனால்தான்.

ஸ்பிரிங்கை எடுக்கப்போய்க் குண்டை உள்ளே விட்டுவிட்டேன்! பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைக் கம்பியில் கட்டித் தூண்டில் போட்டேன். அது பல்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒட்டிக்கொண்டு படுத்தியது. முதலில் ஸ்பிரிங் துண்டு, அப்புறம் கறுப்புச் சேறாய் இரும்புத்தூள், முக்கால் மணி நேரம் கழித்துத்தான் குண்டு.

ஆயில் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தது. ராடைச் சுற்றிய ரப்பர் உறை கிழிந்து மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. வடித்துவிட்டுப் புது 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றினேன். ராடு நுனிக்கு ஊட்டியில் வெல்டிங் வைத்தார்கள், தாராளமாகவே வைத்துவிட்டார்கள். பள்ளத்தில் நுழையவில்லை. ஒரு இரவு முழுக்க அரம் போட்டேன்.

இப்போது கியர் நிற்கிறது. காலைக் குளிரில் ஆயில் இறுகி முதல் பத்து நிமிஷம் ராடு முரண்டு பிடிக்கும், அவ்வளவுதான். ரப்பர் உறைக்குப் பதில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். மேட்டுப்பாளையம் கடைகளில் அசல் உறை கிடைத்தால் வாங்கி வா. அளவுக்குப் பழையதைக் கேரட் லாரியில் கொடுத்தனுப்புகிறேன். மார்கழி உறைபனிக்கு முன்னால் வந்துவிடு. போன தடவை மாதிரி ஸ்வெட்டர் இல்லாமல் வந்து என்னுடையதைக் கழற்றாதே.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்