பீப்பாய் பீரை ஐஸில் புதைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், மரப் பீப்பாயில் ஊறவைத்த பீரைப் பற்றி வந்த கட்டுரையில் எனக்கு உடன்பாடில்லாத விஷயங்கள் சில. 'சில்லென்று குடித்தால்தான் ருசி' என்கிறார் கட்டுரையாளர். 31 வருடம் தேயிலை ருசி பார்த்து, நாக்கை வைத்துச் சம்பளம் வாங்கியவன் நான். அதைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

போன மாதம் ஒரே பாட்டிலை இரண்டு விதமாகக் குடித்துப் பார்த்தேன். பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் ஒரு வருடம் கிடந்த ஸ்டவுட், அதாவது கறுப்பு பீர். ஆல்கஹால் 13 சதவீதம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஒரு வாய்: கசப்பு, தொண்டையில் கொஞ்சம் சுள்ளென்ற சூடு, அவ்வளவுதான். கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு உங்கள் பத்திரிகையைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து மூக்கைக் கொண்டுபோனால் முதலில் வெனிலா, பின்னாலேயே தேங்காய், எல்லாவற்றுக்கும் அடியில் கரிந்த மரம். தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன், 13 டிகிரி. (வீட்டில் சிரித்தார்கள்.)

அந்த வெனிலாவை யாரும் உள்ளே போடவில்லை. பர்பன் என்று பெயர் போட வேண்டுமானால் உட்புறம் கருக்கிய புது ஓக் மரத்தில்தான் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒரு தடவை நிரப்பிய பீப்பாய் மறுபடி பர்பனுக்கு ஆகாது. 200 லிட்டர் பிடிக்கிற அந்தப் பீப்பாய்கள் பீர் காய்ச்சுகிறவர்கள் கைக்கு வருகின்றன. மரத்தைச் சுடும்போது அதிலுள்ள லிக்னின் என்ற பொருள் உடைந்து, வெனிலா வாசனை தரும் வெனிலின் கிடைக்கிறது. தேங்காய் வாசனை ஓக்கிலுள்ள லாக்டோன் என்ற வாசனைப் பொருள் தருவது. இதெல்லாம் ஆவியாக எழுந்து மூக்கைத் தொட்டால்தான் உண்டு. ஐஸில் வைத்தால் எழும்பவே எழும்பாது.

மர வாசனை எவ்வளவு தூக்கலோ அவ்வளவு உசத்தி என்று கட்டுரையாளர் சொல்வதும் சரியில்லை. சில பாட்டில்களில் மரத்தூளை மென்ற மாதிரி வாய் வறண்டு, பீரைத் தேட வேண்டியிருக்கிறது. பெல்ஜியத்தின் ரோடன்பாக் பீர் ஆலையில் பெரிய ஓக் தொட்டிகளில் 2 வருடம் வரை வைக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய வழக்கமான பாட்டிலில் அந்தப் பழைய பீர் கால் பங்குதான், மீதி இளசு. கலப்பதில்தான் கை தெரியும். தேயிலையிலும் அதே கதை.

'புளித்தால் கெட்டுவிட்டது' என்ற வரிதான் மிகவும் உறுத்தியது. ரோடன்பாக்கின் உயிரே புளிப்பு. தொட்டி மரத்தில் குடியிருக்கும் நுண்ணுயிரிகளின் வேலை அது. பண்ணைத் தொழுவ வாசனை தரும் பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட்டை 1904-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலை ஆய்வகத்தில் கிளாசன் என்ற ஆய்வாளர் விவரித்ததே, நல்ல ஆங்கிலேய பீர்களுக்கு அதுதான் குணம் தருகிறது என்று சொல்லித்தான். நான் குடித்த ஸ்டவுட் புளித்திருந்தால் கொட்டியிருப்பேன், அது வேறு விஷயம். எந்த பீர் என்று பார்த்துத்தான் புளிப்பைக் குறை சொல்ல வேண்டும்.

தேயிலையை நாங்கள் உறிஞ்சித் துப்புவோம். பீரில் அது நடக்காது, கடைசிக் கசப்பு விழுங்கிய பிறகுதான் தெரிகிறது. அதனால் ஒரு அமர்வில் மூன்று வகைக்கு மேல் நான் தொடுவதில்லை. அதற்கப்புறம் நாக்கு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

கட்டுரைக்குப் போட்ட படத்தில் பனி பூத்த பெரிய கைப்பிடி மக் இருந்தது. வாய் குறுகிய சின்ன கிளாஸில் 100 மில்லி போதும். அடுத்த தடவை அந்தப் படத்தையாவது மாற்றுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேயிலை ருசி பார்ப்பவர்