ஜேனட் ரௌலியின் வரலாற்றைத் தமிழில் எழுதத் துணைநின்றவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். புற்றுநோய் மரபியலில் பெரும் திருப்பத்தை உண்டாக்கிய அமெரிக்க அறிஞர் ஜேனட் ரௌலியின் வாழ்க்கையை ஒரு சிறு நூலாக எழுதி முடித்திருக்கிறேன். என் தம்பி நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயோடு, தினமும் மாத்திரை எடுத்துக்கொண்டு, வேலைக்கும் போய்வந்து வாழ்கிறான். அந்த மாத்திரைக்குப் பின்னால் உள்ள ஆராய்ச்சியை அவனுக்குச் சொல்லத் தொடங்கியதே இந்நூலாக வளர்ந்தது. மருத்துவமோ மரபியலோ பயிலாத என்னால் இதை எழுத முடிந்ததற்கு நீங்களே காரணம் என்பதைப் பலரறியச் சொல்ல விரும்புகிறேன்.

செல்லுக்குள் மரபணுக்களைச் சுமந்திருக்கும் இழைகளே குரோமோசோம்கள். அவற்றைப் பரிசோதிக்கும் கூடத்தில் பணிபுரியும் சகோதரி, பிரியும் நிலையிலுள்ள ஒரு செல்லின் 46 குரோமோசோம்களையும் திரையில் காட்டி, அவற்றின் பட்டைகளைக் கொண்டு ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தறியும் முறையைப் பொறுமையாக விளக்கினார். ரௌலி 1972இல் செய்த வேலையின் நுட்பம் அதன் பிறகே எனக்குப் பிடிபட்டது. என் தம்பிக்குள்ள அதே நோய் உடையவர்களின் செல்களில் வழக்கத்தைவிடச் சிறிய குரோமோசோம் ஒன்று இருப்பதை 1960இல் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் அறிவித்திருந்தார்கள். அதன் ஒரு துண்டு அறுந்து தொலைந்துவிட்டது என்றே பொதுவாகக் கருதப்பட்டது. சாயமேற்றிய குரோமோசோம்களின் படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கத்தரித்து, இணை இணையாக அடுக்கி ஒப்பிட்ட ரௌலி, 9ஆம் குரோமோசோம் ஒன்றின் நுனியில் கூடுதலாக ஏதோ ஒட்டியிருப்பதைக் கண்டார். அந்தச் சிறிய குரோமோசோம் 22ஆவது. அதன் துண்டு தொலையவில்லை, 9ஆம் குரோமோசோமுக்கு இடம் மாறியிருந்தது. இக்கண்டுபிடிப்பு 1973 ஜூனில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது.

என் தம்பிக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர், இரவுப் பணிகளுக்கு இடையிலும் கையெழுத்துப் படி முழுவதையும் படித்துத் தந்தார். அந்த முறிவிடத்தில் இரு மரபணுக்கள் இணைந்து, செல்லை ஓயாமல் பெருகத் தூண்டும் புரதம் ஒன்றை உண்டாக்குகின்றன என்பதை 1980களில் வேறு ஆய்வாளர்கள் கண்டறிந்ததையும், அப்புரதத்தை முடக்கும் இமாட்டினிப் மருந்து பிரையன் ட்ரக்கர் முதலியோரின் உழைப்பால் 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதையும் தனித்தனியே, அவரவர்க்குரிய இடத்தில் சொல்ல வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். ரௌலி 1977இல் வேறொரு வகை ரத்தப் புற்றுநோயில் 15, 17ஆம் குரோமோசோம்களுக்கு இடையிலான இடமாற்றத்தைக் கண்டதைப் பற்றிய பகுதி அவர் கேட்டு வாங்கியது.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருவர் ரௌலியின் குடும்ப வாழ்க்கையைப் பற்றிய அத்தியாயத்தைச் செம்மைப்படுத்தினார். என் மனத்துக்கு மிக நெருங்கிய அத்தியாயம் அதுதான். 1925இல் நியூயார்க்கில் பிறந்து சிகாகோவில் வளர்ந்த ரௌலி, மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கென ஒதுக்கிய மூன்று இடங்களும் நிரம்பிவிட்டதால் ஒன்பது மாதம் காத்திருந்து சேர்ந்தார். 1948இல் பட்டம் பெற்ற மறுநாளே மணம் புரிந்தார். நான்கு மகன்களை வளர்த்துக்கொண்டே நெடுங்காலம் பகுதிநேரமாகப் பணியாற்றினார். கணவரின் ஆய்வு விடுப்பை ஒட்டி 1961இல் ஆக்ஸ்ஃபோர்டு சென்றவர் அங்கே குரோமோசோம் ஆய்வைக் கற்றார். ஊர் திரும்பியதும், சிகாகோ பல்கலைக்கழகத்தின் லியான் ஜேக்கப்சன் அவருக்கு ஒரு நுண்நோக்கியும் வேலை செய்ய இடமும் சம்பளமும் தந்தார். அடுத்த முறை ஆக்ஸ்ஃபோர்டில் தங்கியபோது புதிய சாய முறைகளைப் பயின்றார். தனியொரு மேதை சாப்பாட்டு மேசையில் உண்மையைக் கண்டார் என்று சொல்லும்போது, இந்தக் கைகளெல்லாம் மறைந்துவிடுகின்றன என்று ஆசிரியை சுட்டிக்காட்டினார். அதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். நூலின் போக்கையே அது தீர்மானித்தது. மருத்துவ ஆராய்ச்சிக்காக 1998இல் பெற்ற லாஸ்கர் விருதையும் 2009இல் பெற்ற அதிபர் பதக்கத்தையும் ஒரே பத்தியில் முடித்துவிட்டு, அந்த உதவிகளுக்கு அதிகப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறேன். ரௌலியின் பேட்டிகளைத் தேடி அனுப்பிய சிகாகோ உறவினருக்கும் இங்கே என் நன்றி.

நிறைவாக, படியை வாசித்துக் கருத்துச் சொன்ன சக நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். 1973ஆம் ஆண்டுக் கட்டுரை, அடுத்தடுத்து வந்த ஒன்பது நோயாளிகளின் செல்களை ஆராய்ந்து எழுதப்பட்டது. அவர்களின் பெயர்கள் அதில் இல்லை. நோய் தெரிந்தபின் சில ஆண்டுகளே வாழ முடிந்த அக்காலத்தில் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்த அந்த ஒன்பது பேருக்கே நூலைக் காணிக்கையாக்க வேண்டும் என்று என் தம்பி கேட்டுக்கொண்டான். அவ்வாறே முதல் பக்கத்தில் அச்சிடக் கொடுத்திருக்கிறேன்.

மிக்க நன்றியுடன்,
நூலாசிரியர்